கரடிக்கால் ஏரிக்குப் போனவர்

கனூவின் பின்பக்கத்தில் ஆர் இருக்கிறது என்று மயூரன் கேட்டபோது தில்லையம்பலத்தின் வாயில் பாதி வடை இருந்தது. அது பெரிய வசதியாகப் போயிற்று. மென்றுகொண்டிருக்கிற மனிதனை அவசரப்படுத்துகிற பழக்கம் எங்கள் சனத்திடம் இல்லை. அதிலும் எழுபத்திரண்டு வயதில் கட்டுப்பல்லோடு மெல்லுகிறவனை ஒருவரும் நெருக்கமாட்டார்கள். ஆகவே மென்றார். பருப்பு பசையாகி, பசை கரைந்து தொண்டைக்குள் இறங்கிப் போன பிறகும் மென்றார். கனடாவில், ஸ்காபரோவில் மயூரன் வாங்கியிருக்கிற புது வீட்டின் சாப்பாட்டு மேசை, சனிக்கிழமைப் பின்னேரம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில். மேசையில் ஏரிகளின் வரைபடம், மடிக்கணினி, பலசரக்குக் கடை விளம்பரத் தாள் ஒன்று. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் சிநேகிதர் குலேந்திரன் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்: புட்டு மா, மீன் டின், மிளகாய்த்தூள், நுளம்பெண்ணெய், சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் தூக்கிக் கட்டக் கயிறு. கணினியில் கனூ வாடகைக்குக் கொடுக்கிறவர்களின் படிவம் திறந்திருந்தது. அதன் மூலையில் சிவப்பு இலக்கங்கள் பதினைந்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அது முடிவதற்குள் நிரப்பாவிட்டால் ஆகஸ்ட் மாதத்து இடம் வேறு ஆருக்கோ போய்விடும். இப்போது பதின்மூன்று. கனூ என்பது எங்கள் தோணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மெலிந்த உடம்பு, இரண்டு பக்கமும் கூர், தும்மினால் கோபித்துக்கொண்டு திரும்பிவிடும். முன்னுக்கு இருந்து துடுப்புப் போடுகிறவன் வெறும் மாடு. பின்னுக்கு இருக்கிறவன்தான் வண்டில்காரன். அவன் பெயரையும் அவனுடைய அனுபவத்தையும்தான் படிவம் கேட்கிறது.

“இதென்ன கேள்வி தம்பி, உவர்தானே பின்னுக்கு,” என்றார் குலேந்திரன், பேனையால் தில்லையம்பலத்தின் வயிற்றைக் காட்டி. “கரடிக்கால் ஏரியை ஒற்றைக் கையால கடந்த ஆள். மற்றக் கையில மீன்.” குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்த சிவயோகம் சிரித்தாள். மயூரனின் தாய், செத்துப்போன வைத்திலிங்கத்தின் மனைவி. அவள் சிரித்தபடியே எட்டிப் பார்த்து, “இவரை விடுங்கோ, எங்கட மனுசனையெல்லோ நினைக்கிறன்,” என்றாள். அவ்வளவுதான், குலேந்திரனுக்கு வேறு வெத்திலை வைக்கத் தேவையில்லை. பேனையை வைத்துவிட்டு எழும்பி, கதிரையைக் கனூவாக்கி, ஒரு காலைத் தூக்கி வைத்து நடுங்கிக் காட்டினார். “வைத்தி ஒரு காலை உள்ள வைச்சவன், ஐயோ அம்மா எண்டு ஒரு சத்தம், முழங்கால் தண்ணிக்குள்ள சம்மாணம் கட்டி இருந்திட்டான்! என்னைக் காருக்குள்ள விடு மச்சான், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு! எப்பிடி மச்சான், சரியா?” சரி. எல்லாம் சரி. சத்தம் சரி, சம்மாணம் சரி, பிள்ளை குட்டி என்பது மட்டும் பிற்காலத்தில் சேர்த்தது, ஏனென்றால் அன்றைக்கு முழங்கால் தண்ணீருக்குள் சம்மாணம் கட்டி இருந்தவனுக்குப் பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, கலியாணமே ஆகவில்லை. அன்றைக்கு இருந்தவன் வைத்தி இல்லை. சிவயோகம் முன்றானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அவளுடைய கையில் வடை பொரிக்கிற கண்ணகப்பை, அதிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது, ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, துடைக்க வேண்டும் என்று ஆரும் சொல்லவில்லையே, வழுக்கி விழுந்துவிடப்போகிறாள், விழுந்தால் அதுவும் என்னால்தான்.

என்னால்தான் என்பது ஒரு மாதமாக எல்லாவற்றின் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பஸ் பிந்தினால் என்னால்தான். மழை பெய்யாவிட்டால் என்னால்தான். முப்பத்திமூன்று வருடம் தொந்தரவில்லாமல் இருந்த விஷயம், மயூரன் வந்து “மாமா, அந்த ஏரிக்கு ஒருக்காப் போவம்” என்று கேட்ட நாளிலிருந்து, பல்லிடுக்கில் அகப்பட்ட பாக்குத்துண்டுபோல நாக்கைச் சும்மா இருக்க விடுகிறதில்லை. ஏன் அன்றைக்கு ஓம் என்றேன்? ஓம் என்று சொன்னது வாய். இந்த வாய் தில்லையம்பலத்திடம் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. அதற்குத் தனிக் குடித்தனம். அந்த வாய்தான் மீனை வளர்த்தது. முதல் வருடம் முழங்கை நீளம். வருடம் போகப்போக மீனும் சாப்பிட்டுச் சாப்பிட்டு, ஒரு கலியாண வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை அளவுக்கு வந்து, அந்த வீட்டுப் பிள்ளையையே பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டியதாகப் போயிற்று. கரடி தொடக்கத்தில் கதையில் இல்லவே இல்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது தானாக நடந்து வந்து தண்ணீருக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கரடியால்தான் ஏரிக்குக் கரடிக்கால் என்று பெயர் வந்தது. வரைபடத்தில் அந்த ஏரிக்குப் பெயர் கிடையாது, வெறும் இலக்கம். மயூரன் அந்த இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் கரடிக்கால் என்று எழுதியிருக்கிறான், கானாவுக்குக் கொம்பு மாதிரி ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை, கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறான். தன் தகப்பன் பயந்து உட்கார்ந்த இடத்தை.

தகப்பன் உட்காரவில்லையடா. அந்த ஐப்பசி மாதத்துக் காலையில் பனிப்புகை தண்ணீருக்கு மேலே கொதிக்கிற பானையின் ஆவிபோல எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வாளி அச்சடித்துக்கொண்டிருந்த காலம். மேற்பார்வையாளன் ஒரு போர்த்துக்கீசன், வைத்தியில் உயிர், தன்னுடைய பழைய கனூவைக் கொடுத்து வழியும் கீறிக் கொடுத்தான். ஆறு மணித்தியாலம் கார். பிறகு சின்ன ஏரி ஒன்று கிடக்கும், அதன் கரையால் சுற்றி நடந்து, காட்டுக்குள்ளால் கனூவைத் தோளில் சுமந்துகொண்டு போனால் பெரிய ஏரி. சுமந்ததும் வைத்திதான், தில்லையம்பலம் பின்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவன்போல நடந்தார். செம்மண்ணில் பிறந்தவர் அவர், யாழ்ப்பாணத்து உரும்பிராய், வெங்காயமும் புகையிலையும். தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் இருக்கிற, கயிறு கட்டித் தூக்குகிற சாமான். அது கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் படுத்துக் கிடந்து மூச்சு விடுவதை அவர் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. ஒரு காலை வைத்தார். கனூ அசைந்தது. உலகத்தில் காலுக்குக் கீழே இருக்கிற எதுவும் அப்படி அசையக்கூடாது. அடுத்ததாகத் தெரிந்தது பிட்டத்தில் குளிர். ஐயோ அம்மா என்று கேட்டது ஆருடைய குரல் என்று திரும்பிப் பார்த்தார். வைத்தி சிரிக்கவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தன்னுடைய காய்ந்த கால்சட்டையைக் கழற்றித் தந்து, வந்த பாதையால் திரும்பக் காருக்கு நடத்திக்கொண்டு போய், ஹீற்றரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, “நீ இரு மச்சான், நான் ஒரு சுற்று போட்டிட்டு வாறன்,” என்றான். அனலைதீவில் பிறந்தவன், நடக்கப் பழகுவதற்கு முதல் தோணியில் ஏறினவன். ஈரக் கால்சட்டையைத் தான் போட்டுக்கொண்டு போனான். ஈரக் கால்சட்டையை. அதைக் கதையில் எந்த இடத்திலும் சேர்க்க முடியவில்லை.

“மாமா, பத்து நிமிசம்தான் இருக்கு,” என்றான் மயூரன். “உங்கட பேரைப் போடட்டா? அனுபவம் எண்ட இடத்தில என்ன போட? முப்பத்திமூண்டு வருசம் எண்டு போடவோ?” “போடு, போடு,” என்றார் குலேந்திரன், “அண்டைக்கு ஏறினவர் இன்னும் இறங்கேல்லை எண்டு போடு.” தில்லையம்பலம் இன்னொரு வடையை எடுத்தார். பசி இல்லை. வடை ஒரு மதில். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் மயூரனைப் பார்த்தார், நாற்பது வயது, தலையில் நரை தட்டிவிட்டது, சிரிக்கும்போது மேலுதடு இடது பக்கம் மட்டும் ஏறும், அதே ஏற்றம், தகப்பனுடைய ஏற்றம். அந்தச் சிரிப்பு. அதில்தான் எப்போதும் வந்து சிக்கும். எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அந்தச் சிரிப்பில் வந்து, சீலை முள்ளில் கொழுவினமாதிரி. இந்த மயூரனின் ஏழாவது பிறந்தநாள், அடுக்குமாடி வீட்டின் சின்ன ஹோல், இருபது பேர், நடுவில் தில்லையம்பலத்துக்குப் பேசியிருந்த பெண்ணின் இரண்டு தமையன்மார். முப்பத்தொன்பது வயதில் வந்த சம்பந்தம், அதற்குப் பிறகு வேறு வரும் என்று தரகரே நம்பவில்லை. ஆரோ ஏரிக்குப் போன கதையைக் கேட்டார்கள். அவர் உள்ளபடிதான் தொடங்கினார், சத்தியமாக உள்ளபடிதான், கார், பனிப்புகை, கனூ. ஒரு காலை வைத்த இடம் வந்தது. தமையன்மார் முன்னுக்குச் சாய்ந்தார்கள். வாய் ஒரு கணம் நின்றது. பிறகு, “வைத்தி ஒரு காலை வைச்சான்,” என்றது. எழும்பின சிரிப்பில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் வைத்தியைப் பார்த்தார். வைத்தி சோடா ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், தமையன்மாரைப் பார்த்தான், திரும்ப இவரைப் பார்த்தான், மேலுதடு இடது பக்கம் ஏறியது. “ஓம் ஓம், எனக்குத் தண்ணியெண்டா பயம்தான்,” என்றான். ஊற்றின சோடா ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை.

அந்த நேரத்தில் அது ஒரு உதவி. சிநேகிதன் சிநேகிதனுக்குச் செய்தது. கலியாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தார். கலியாணம் முடிந்தது, கமலாதேவி தன் புருசனை இன்றைக்கும் ஏரி கடந்த வீரன் என்றுதான் தங்கைமாருக்குச் சொல்லுகிறாள். பிறகு பிள்ளை பிறக்கட்டும். பிறகு கதை நல்லாக வந்துகொண்டிருக்கிறதே, இதைக் கெடுப்பானேன். வைத்தி இருக்கிற இடத்திலும் சொன்னார், இல்லாத இடத்திலும் சொன்னார். இருக்கிற இடத்தில் வைத்தி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே சிரிப்பைச் சிரித்து, ஓம் ஓம் என்றான். அதிகம் பேசாத மனிதன், அவனுக்கு இரண்டு சொல் போதும். பதினொரு வருடத்துக்கு முன்னர் வைத்தி தலைக்குள் நரம்பு வெடித்துப் போனான். எட்டாம் நாள் வீட்டில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, சிவயோகம்தான், “அண்ணை, அந்தக் கனூக் கதையைச் சொல்லுங்கோவன்,” என்றாள். மறுக்கலாமா? சொன்னார். அவள் சிரித்தாள், எட்டு நாளுக்குப் பிறகு முதல்முதலாக, சிரித்துச் சிரித்து அழுதாள். அன்றிலிருந்து அது பொய் இல்லை, தர்மம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துக்கவீட்டில் ஒரு பெண்ணைச் சிரிக்க வைக்கிறது தர்மம்தானே. தர்மம்தான். செத்தவனைத் தண்ணீருக்குள் இருத்திவிட்டு, காய்ந்த கால்சட்டையோடு நின்று செய்கிற தர்மம்.

“உண்மையைச் சொன்னா மாமா, நான் இதுக்காகவே நீந்தப் பழகினனான்,” என்று மயூரன் சொல்லிக்கொண்டிருந்தான். எப்போது தொடங்கினான்? வடையின் மறைவில் பாதி கேட்கவில்லை. “குளிருக்குள்ள, நகரசபைத் தடாகத்தில, ஆறு வயசுப் பிள்ளையளோட. அதுகள் டொக் டொக்கெண்டு குதிக்குதுகள், நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். பள்ளிக்கூடத்தில நீச்சல் வகுப்பெண்டா அம்மா எப்பவும் இவனுக்கு வேண்டாமெண்டு கடிதம் குடுத்து விட்டிடுவா.” “பின்ன?” என்றாள் சிவயோகம். தட்டத்தில் புது வடைகளைக் கொட்டிவிட்டு மேசை ஓரத்தில் நின்றாள். “தேப்பனின்ர பயம் உனக்கும் இருக்குமெண்டுதான். அண்ணை, நான் கனக்க யோசிச்சிருக்கிறன். தீவில பிறந்த மனுசன் தண்ணிக்குப் பயந்ததெண்டால் சின்னனில என்னவோ நடந்திருக்கும். ஆரும் தண்ணியில தாண்டு செத்ததைப் பார்த்திருப்பார். கேட்டால் நோகுமெண்டு நான் வாய் திறக்கேல்லை. கலியாணம் முடிச்சு அனலைதீவுக்கு லோஞ்சில போகேக்க ஒரு கதையில்லை, கடலைப் பார்த்துக்கொண்டே வந்தவர். நான் நினைச்சன் சந்தோசத்தில பேசாமல் இருக்கிறாரெண்டு. பிறகு நீங்கள் சொல்லித்தானே விளங்கினது, அது பயமெண்டு.” எண்ணெய்க் கையை முன்றானையில் துடைத்தாள். “அதுக்குப் பிறகு ஒரு கடற்கரைக்குக்கூட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நான் கேட்டதில்லை.” சிவப்பு இலக்கம் நாலு என்றது. வடை முடிந்துவிட்டது. வாய்க்குள் ஒன்றும் இல்லை, நாக்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. லோஞ்சில் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு போன புது மாப்பிள்ளை. அந்தப் பின்னேரத்தையும் நான்தான் எடுத்துப்போட்டேன். அவளுடைய கலியாணத்துக்குள் போய், லோஞ்சுக்குள் ஏறி, அவனுடைய முகத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். இதை எந்தக் கதையில் சேர்க்கிறது. எந்தக் கரடியை விட்டு இதை மறைக்கிறது. சொல்லாமலும் விடலாம். முழங்கால் நோ என்று ஒரு வார்த்தை, பயணம் நின்றுவிடும், படிவம் மூடிக்கொள்ளும், அடுத்த கலியாண வீட்டில் குலேந்திரன் கதிரையில் ஏறி நடுங்குவார். இல்லாவிட்டால் பேரைப் போடு என்று சொல்லலாம், ஆகஸ்டில் இந்தப் பிள்ளையை முன்னுக்கு இருத்தி, பின்னுக்கு நான் ஏறி, நடு ஏரியில் காற்றடிக்கும், வைத்தியின் பிள்ளை திரும்பி என்னைப் பார்க்கும், இனி என்ன செய்கிறது மாமா என்று கேட்கும்.

“தம்பி, என்ர பேரைப் போடாதை,” என்றார். “எனக்குக் கனூ விடத் தெரியாது. நான் அந்த ஏரியில ஏறேல்லை. தண்ணிக்குள்ள இருந்தது நான். உன்ர கொப்பர்தான் போனவர், தனியப் போனவர், மீனும் அவர்தான் பிடிச்சவர்.” குலேந்திரன் மேசையில் அடித்துச் சிரித்தார். “பார்த்தியே, இவ்வளவு காலத்துக்குப் பிறகு புதுசாய் ஒண்டு விடுறார்! நல்லாயிருக்கு மச்சான், இதில கரடி எங்க வருது?” “கரடி இல்லை குலம்,” என்றார் தில்லையம்பலம். “கரடி இல்லவே இல்லை.” குலேந்திரன் இன்னும் கொஞ்சம் சிரித்தார், பிறகு தன் சிரிப்பு மட்டும் தனியே கேட்பதைக் கவனித்து அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேனையின் மூடியைக் கழற்றினார், பூட்டினார். தில்லையம்பலம் எல்லாவற்றையும் சொன்னார், காலை, கிணற்றை, ஐயோ அம்மாவை, ஈரக் கால்சட்டையை, தமையன்மாரை, ஊற்றின சோடாவை. இவ்வளவு மோசமாக அவர் ஒரு கதையைச் சொன்னதே இல்லை. முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்தது, ஒரு இடத்திலும் ஆரும் சிரிக்கவில்லை. மயூரன் எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். “கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் மாமா,” என்றான் கண்ணாடியைப் பார்த்து. “நாலு மாசம்.” கணினியில் இலக்கம் பூச்சியமாகி, பக்கம் தானாக வெள்ளையாயிற்று.

சிவயோகம் கதிரையை இழுத்து இருந்தாள். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அவள் கதிரையில் இருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “அவர் எவ்வளவு நேரம் ஏரியில நிண்டவர்?” “அஞ்சு மணித்தியாலம்.” “அஞ்சு மணித்தியாலம் தனிய என்ன செய்தவர்?” வாய் உடனே திறந்தது. அதற்குள் ஒரு டசின் பதில்கள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் மற்றதைவிட அழகு: வைத்தி எழும்பி நின்று துடுப்புப் போடுகிறான், வைத்தி நடு ஏரியில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், காடு திருப்பிச் சொல்லுகிறது. அவளுக்கு அதில் எதைக் கொடுத்தாலும் ஆயுள் முழுக்க வைத்திருப்பாள். கொடுக்கலாம். இவ்வளவும் எடுத்தவன் கொடுக்கத்தானே வேண்டும். அவர் வாயை மூடினார். மூடி வைத்திருப்பது நோவாக இருந்தது. “தெரியாது தங்கச்சி,” என்றார். “நான் காருக்குள்ள இருந்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது. திரும்பி வந்து, நல்ல ஏரி எண்டான். வேற ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.” அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் வரைபடத்தில் மகன் போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். “திரும்பி வரேக்க எப்பிடி வந்தவர்? அதையாவது பார்த்தனீங்களோ?”

பார்த்தார். அதைப் பார்த்தார். இத்தனை வருடமும் மீனோடு திரும்பி வந்தவன் தான்தான் என்று சொல்லிவந்ததால், மரங்களுக்குள்ளால் கனூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த அந்த உருவத்தைத் திரும்ப நினைக்க அவருக்குத் தேவையே வரவில்லை. இப்போது அது வந்தது, கை படாமல், புதிதாக. கனூவின் இருட்டுக்குள்ளே முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும், ஒட்டிப்போன ஈரக் கால்சட்டை, அதற்குள்ளேயிருந்து ஒரு சத்தம். கார்க் கண்ணாடியை இறக்கித்தான் அது என்னவென்று விளங்கிற்று.

“பாடிக்கொண்டு வந்தவன்,” என்றார். “கனூவுக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு, பெரிய சத்தமா. அது எதிரொலிச்சது. என்னைக் கண்ட உடன நிப்பாட்டிப் போட்டான்.”

சிவயோகம் நிமிர்ந்தாள். முப்பது வருடம் அந்த மனிதனோடு ஒரு வீட்டில் இருந்தவள்.

“அவருக்குப் பாட்டு வருமே, அண்ணை?”

“வந்தது தங்கச்சி,” என்றார் தில்லையம்பலம். “அண்டைக்கு வந்தது.”